கூந்தலுக்கு விருந்து வைக்கும் முறை

முதலில் ஒரு துக்கச் செய்தி. உங்கள் தலையில் இருக்கும் முடிக்கு உயிர் இல்லை. தோலுக்கடியில் வேர் இருக்கும் பகுதி மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. வெளியே வந்து காற்றில் பறப்பதும், பின்னலாகத் தொங்குவதும், மல்லிகைச் சரம் சுமப்பதும் கெரட்டின் என்ற புரதத்தாலான இழை, அவ்வளவே. முடி வெட்டும்போது யாரும் அலறுவதில்லை என்பதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆகவே 'ஆழ்ந்த ஊட்டம்', 'வேர் முதல் நுனிவரை போஷாக்கு' என்று டப்பாவில் படிக்கும்போது, யாருக்கு இலை போடுகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுவது நமக்குப் புதிதல்ல. எனவே விருந்தே வேண்டாம் என்று இந்த வழிகாட்டி சொல்லாது. என்ன பரிமாறுவது, எவ்வளவு நேரம் உட்கார வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்பூ வரிசையைத் தாண்டினால் இரண்டு வகை ஜாதகம் தென்படும். ஒன்று, தலைகீழாக நிற்கும் பாட்டில்: கண்டிஷனர். இன்னொன்று, தங்க நிற மூடி போட்ட அகன்ற வாய் டப்பா: ஹேர் மாஸ்க். இரண்டுக்கும் நடுவில் ஒரு விற்பனைப் பெண் நின்றிருப்பார். "மேடம், இது ஒவ்வொரு வாஷுக்கும். இது வாரத்துக்கு ஒரு தடவை. ரெண்டும் சேர்த்து எடுத்தா சீரம் ஃப்ரீ" என்பார். அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டையும் வாங்கித் திருப்பி, முதுகில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருப்பதைப் படிப்பது. தண்ணீர், செட்டேரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன், கிளிசரின், வாசனை. இப்போது மற்றதைப் படியுங்கள். தண்ணீர், செட்டேரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, ஏதோ ஒரு வெண்ணெய், ஏதோ ஒரு எண்ணெய், டைமெத்திகோன், வாசனை. இட்லிக்கும் தோசைக்கும் ஒரே மாவுதான். ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் அதிகம். கண்டிஷனர் தோசை மாவு. மாஸ்க் இட்லி மாவு. இட்லிக்கு வேக நேரம் வேண்டும் என்பதையும் இதிலேயே சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. 'ஆல்கஹால்' என்று இருக்கிறதே என்று டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் போகும் அத்தைமார்கள் உண்டு. செட்டேரில் ஆல்கஹால் மெழுகு மாதிரி கட்டியான ஒரு கொழுப்புப் பொருள். அதைக் குடித்து யாரும் சாலையில் விழ முடியாது. முடியையும் அது வறட்டாது. 'சல்ஃபேட் இல்லாதது' என்று மாஸ்க் டப்பாவின் நெற்றியில் பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். சல்ஃபேட் நுரை கிளப்புவதற்கு ஷாம்பூவில் போடுவது. மாஸ்க்கில் அது வழக்கமாகவே இருக்காது. செய்யாத குற்றத்துக்கு அவர்களே ஜாமீன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இனி ஒரு சின்ன உளவு வேலை. டப்பாவின் முன்பக்கம் ஆர்கன் எண்ணெய், அவகாடோ, மொராக்கோ, மக்காடமியா என்று உலகச் சுற்றுலா நடந்துகொண்டிருக்கும். பின்பக்கம் 'ஃபீனாக்ஸிஎத்தனால்' என்ற பெயர் எங்கே வருகிறது என்று தேடுங்கள். கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது; அதிகபட்சம் 1 சதவீதம்தான் சேர்க்கலாம். நம் நாட்டு அழகுசாதன விதிகள்படி, 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் குறைவானவற்றை அவற்றுக்குப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வரும் மொராக்கோ, 200 கிராம் டப்பாவில் 2 கிராமைத் தாண்டாது. பல டப்பாக்களில் அவகாடோ அந்த வரிசையின் கடைசியில், சாயத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருக்கும். பாவம், அதற்கும் முன்பக்கத்தில் படம் போட்டாயிற்று.

இந்தக் கலவை முடியில் என்னதான் செய்கிறது? முடியிழையின் மேலுறை, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த செதில்களால் ஆனது. வெயில், சாயம், ப்ளீச், அயர்னிங், ஈரத்தலையை அவசரமாகச் சிக்கெடுப்பது, இறுக்கமான ரப்பர் பேண்ட் எல்லாம் சேர்ந்து அந்தச் செதில்களைத் தூக்கிவிடும், உடைத்துவிடும். சாயமும் ப்ளீச்சும் இன்னொன்றும் செய்யும்: மேலே இயற்கையாக இருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தைக் கழற்றிவிடும். அடிபட்ட இடத்தில் எதிர் மின்னூட்டம் கூடுகிறது. பெஹென்ட்ரைமோனியம் வகையறாவுக்கு நேர் மின்னூட்டம். பள்ளியில் படித்த இயற்பியல் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பயன்படும் இடம் இது: எங்கே அதிகம் அடிபட்டிருக்கிறதோ அங்கே அது தானாகவே அதிகம் போய் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பும் சிலிகோனும் கூடவே படியும். முடிக்கு முடி உரசல் குறையும், சீப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், சிக்கெடுக்கும்போது உடைவது குறையும். துணியின் கடைசி அலசலில் ஊற்றுகிறோமே, அந்த வாசனைத் திரவம்கூட இதே குடும்பம்தான். அதற்காக அதை எடுத்துத் தலையில் ஊற்றிவிட வேண்டாம். குடும்பம் ஒன்று, வீடு வேறு.

ஒட்டுவதற்கு இடம் தீர்ந்தபின் மேற்கொண்டு எதுவும் ஒட்டாது. கண்டிஷனருக்கு இரண்டு மூன்று நிமிடம், மாஸ்க்குக்குப் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது. 'ராத்திரி பூரா வச்சிருந்தேன்' என்று பெருமையாகச் சொல்பவர்களின் தலையணை உறைக்கு நல்ல போஷாக்கு கிடைத்திருக்கும். முடி தண்ணீரில் ஊறும்போது ஏறக்குறைய 15 சதவீதம் பருக்கும். ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிக்கொண்டே இருந்தால் அதுவே ஒரு சேதம்.

இப்போது தேர்வு. எண்ணெய்ப் பசையா, வறண்டதா, சுருட்டையா என்று கேட்டுப் பத்துக் கேள்விகளில் மார்க் போடும் முறைகள் இருக்கின்றன. அதைவிட எளிது, முடி நுனியின் வயதைக் கேட்பது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். தோள்வரை இருக்கும் முடியின் நுனிக்கு இரண்டு, இரண்டரை வயது. இடுப்பைத் தொடும் 70 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு ஏறக்குறைய ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிடலாம். அந்த ஆறு வருடத்தில் எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணத்துக்கு எத்தனை ஊசி, எத்தனை பைக் பயணம், எத்தனை முறை கலரிங். அந்த நுனிக்கு மாஸ்க் கொடுங்கள், புண்ணியம். காதுக்கு மேலே இருக்கும் முடி போன வருஷம் பிறந்தது. கண்டிஷனரே அதற்கு அதிகம். சாயம் போடாத, அயர்ன் பண்ணாத, தோளுக்கு மேல் வெட்டிய முடிக்கு மாஸ்க் வாங்குவது, காய்ச்சல் இல்லாதவருக்கு டோலோ கொடுப்பது. வெளுத்து, பொன்னிறமாக்கி, பின்பு அதை அயர்ன் பெட்டியால் நீவியவர்களுக்கு மாஸ்க் வாரம் ஒன்று போதாமல் போகலாம். அவர்களிடம் விவாதிக்க நமக்கு அருகதை இல்லை. நுனி இரண்டாகப் பிளந்துவிட்டதென்றால் எந்த டப்பாவாலும் நிரந்தரமாக ஒட்ட முடியாது. அடுத்த குளியல்வரை பிடித்துக்கொண்டிருக்கும். கத்தரிக்கோல் மட்டும்தான் வைத்தியம்.

எங்கே பூசுவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். பிறந்ததிலிருந்து உச்சியில் எண்ணெய் வைத்து, பரபரவென்று தேய்த்தே பழக்கம். மாஸ்க்கையும் அதே வேகத்தில் உச்சந்தலையில் அப்பினால், மண்டைத்தோல் சுரக்கும் எண்ணெயோடு அதுவும் சேர்ந்து, சாயந்திரத்துக்குள் மூன்று நாள் குளிக்காதவர் தோற்றம் வந்துவிடும். அப்புறம் 'எனக்கு மாஸ்க் ஒத்துக்கலை' என்று டப்பா தங்கச்சி வீட்டுக்குப் போகும். காதுக்குக் கீழே ஆரம்பித்து நுனிவரை மட்டும் பூச வேண்டும். ஷாம்பூ வேருக்கு, கண்டிஷனரும் மாஸ்க்கும் நுனிக்கு. ஒரே குளியலில் மாஸ்க், அதன்மேல் கண்டிஷனர் என்று இரட்டை விருந்து வேண்டாம். மாஸ்க் போட்ட அன்று கண்டிஷனருக்கு விடுமுறை.

அடுத்து, எந்த அழகுக் குறிப்பும் சொல்லாத முக்கியமான காரணி: குளியலறைக் கதவு. வீட்டில் ஐந்து பேர், குளியலறை ஒன்று, காலை ஏழு மணி என்றால் உங்கள் முடி எந்த வகையாக இருந்தாலும் உங்களுக்குரியது கண்டிஷனர். அதையும் முழுதாக அலசுவதற்குள் வெளியிலிருந்து குரல் வரும்.

"உள்ளயே குடியிருக்கப் போறியா? எனக்கு எட்டேகாலுக்கு வண்டி."

"ரெண்டு நிமிஷம்ப்பா, கண்டிஷனர் போட்டிருக்கேன்."

"போட்டதை அப்படியே வச்சுக்கிட்டு வெளிய வா. அதையும் ஃபேஷன்னு சொல்லிக்கலாம்."

மாஸ்க் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். அல்லது தலையில் பழைய துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறையில் நிற்கத் தயாராக இருப்பவர்களுக்கானது. நேரம் பார்க்கத் தனிக் கடிகாரம் தேவையில்லை. குக்கரில் பருப்பு வைத்து நான்கு விசில் விட்டு, அடுப்பை அணைத்து, ஆவி அடங்கினால் மாஸ்க்கும் முடிந்தது. துண்டின் வெதுவெதுப்பு கொஞ்சம் உதவும். ஹோட்டலில் தங்கியபோது எடுத்து வந்த ஷவர் கேப் வீட்டில் எங்கோ இருக்கிறது அல்லவா, அதற்கு மோட்சம் கிடைக்கும் தருணம் இது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். சென்னையில் இதைத் தவிர்த்துவிட்டுத் தலைமுடியைப் பற்றிப் பேசுவது முடியாத காரியம். மாஸ்க் கெட்டியானது, அலச அதிக மக்குகள் வேண்டும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தால், அவரை அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழுவே கூடி விசாரித்திருக்கும். தண்ணீரின் அளவைவிடப் பெரிய விஷயம் தண்ணீரின் குணம். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் முனையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, வாளியின் உட்புறம் சொரசொரப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே உப்புதான் முடியிலும் உட்கார்ந்து வைக்கோலாக்குகிறது. இதற்கு மாஸ்க் மேல் மாஸ்க் போடுவது, சுண்ணாம்புச் சுவரில் காரை விழுந்த இடத்துக்குக் காலண்டர் மாட்டுவதுதான். கடைசி இரண்டு மக் மட்டும் மெட்ரோ தண்ணீரிலோ மழைநீரிலோ அலசினால் டப்பா செய்யாததை அது செய்யும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரைப் பிடித்து வைத்துத் தலைக்கு ஊற்றும் சிக்கனவாதிகளுக்கு ஒரு வேண்டுகோள்: மெஷின் ஒதுக்கித் தள்ளிய உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வைத்து வாசல் கழுவுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதையே எதிர்ப்பவர்கள் நேரே அடுக்களைக்குள் நுழைவார்கள். அங்கே காத்திருக்கும் ஆபத்துகளில் முட்டை முதலாவது. முட்டையில் புரதம், முடியிலும் புரதம், ஆகவே ஒன்று மற்றொன்றாகிவிடும் என்ற தர்க்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு பெரிது, முடிக்குள் போகாது. மஞ்சள் கருவில் இருக்கும் கொழுப்பும் லெசித்தினும் மேலே படிந்து கொஞ்சம் வழவழப்பு தரும், அது நிஜம். ஆனால் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டும்போது உறைய ஆரம்பிக்கும். கீசரைத் திறந்து, பச்சைத் தண்ணீர் கலக்க மறந்து, 'சூடா ஊத்துனா நாத்தம் போயிடும்' என்று ஊற்றினால் என்ன ஆகும்? பின்கழுத்துக்கு மேலே, சீப்பு எட்டாத இடத்தில், வெள்ளை நூல்நூலாகத் திரண்டு முடியைக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரலால் உருவி எடுக்க வேண்டும். உருவி முடிப்பதற்குள் வீட்டில் யாராவது மிளகுத்தூள் எடுத்து வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். குளிர்ந்த தண்ணீர்தான் முட்டைக்கு.

வாழைப்பழம் இதைவிட மோசம். எவ்வளவு மசித்தாலும் நாரும் விதைப்புள்ளியும் இருக்கும். காய்ந்ததும் தலையெல்லாம் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. எதிரில் நிற்பவர் ஓரடி பின்னால் போவார். தயிர் பரவாயில்லை, நெடி போகாது. வெங்காயச் சாற்றுக்கு இப்போது பெரிய மவுசு. 2002-இல் பாக்தாத்தில் சிறிய அளவில் ஓர் ஆய்வு நடந்தது உண்மைதான். அது புழுவெட்டுக்கு, மண்டைத்தோலில். நுனி வறட்சிக்கு வெங்காயம் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுபவர்களுக்கு அந்த ஆய்வு துணை நிற்காது. பக்கத்து சீட் காலியாகக் கிடைக்கும், அது தனி லாபம்.

இந்த இடத்தில் பாட்டி வருவார். வராமல் எந்த வீட்டிலும் மாஸ்க் போட முடியாது.

"என்னடி இது, தலையில வெண்ணெயக் கொட்டிக்கிட்டு உக்காந்திருக்க?"

"மாஸ்க் பாட்டி. பத்து நிமிஷம் ஊறணும்."

"என்ன வெல?"

"எழுநூத்தம்பது."

"அடிப்பாவி! வாசல்ல செம்பருத்தி சும்மாதானே நிக்குது. பறிச்சு அரைச்சுத் தேச்சா கேக்க ஆளில்ல."

பாட்டி சொல்வது முக்கால்வாசி சரி. செம்பருத்தி இலை, ஊறவைத்து அரைத்த வெந்தயம், வடிகஞ்சி மூன்றிலும் இருக்கும் கொழகொழப்பு முடியிழைகளுக்கு நடுவே வழுக்கலாகப் படிகிறது. கொங்குப் பக்கம் அரப்பு என்று உசிலை மரத்து இலைப்பொடியைக் கஞ்சியில் குழைத்துத் தேய்ப்பார்கள். அழுக்கும் போகும், முடியும் மெத்தென்று இருக்கும். ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே கிண்ணத்தில். வெந்தயத்தை மட்டும் மெல்லிய துணியில் வடிகட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அலுவலகத்தில் பொடுகு என்று கேள்வி வரும், வெந்தயம் என்று விளக்கினால் அதைவிடச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டி முழுக்கவே சரி. 2003-இல் மும்பை ஆய்வாளர்கள் இருவர் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்து, புரத இழப்பைக் குறைப்பது தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்று எழுதினார்கள். அவர்கள் வேலை பார்த்தது தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியில் என்பதால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் காரணம் திடமானது: அதிலிருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள்ளேயே நுழைகிறது. மாஸ்க்கின் பெரும்பகுதி மேலே படிவதோடு சரி. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனிக்கு எண்ணெய், குளித்தபின் ஒரு கண்டிஷனர் என்று வைத்துக்கொண்டால் நிறையப் பேருக்கு மாஸ்க்கே தேவைப்படாது. டப்பாக்காரர்களுக்கு இது வருத்தம் தரும் செய்தி.

மீதிக் கால்வாசியில் பாட்டி சறுக்குகிறார். 'நாங்கள்லாம் எந்த மாஸ்க்கப் போட்டோம்?' என்று கேட்கும் பாட்டி, அயர்ன் பெட்டியை ரவிக்கைக்கு மட்டும்தான் போட்டார். எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடை காலைமுதல் இரவுவரை அவிழவில்லை. கிணற்றடியில் குளித்தார். சேதம் செய்யாத முடிக்குப் பரிகாரமும் தேவைப்படவில்லை. திருப்பதியிலும் பழனியிலும் மொட்டை போட்டு இறக்கிய முடிக்கு உலகச் சந்தையில் மவுசு இருப்பதற்கும் காரணம் இதுதான்: சாயமும் ப்ளீச்சும் அறியாத, செதில் கலையாத முடி. அது கடல்கடந்து போய், ப்ளீச் ஆகி, சாயம் ஏறி, எக்ஸ்டென்ஷனாக ஒரு தலையில் ஏறுகிறது. அதற்கப்புறம் அந்தத் தலைக்காரர் அதற்கு மாஸ்க் வாங்குகிறார்.

மாஸ்க் போட்டால் முடி கொட்டுவது நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வீட்டுப் பரிசோதனை. குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடப்பதில் ஒரு முடியை எடுத்து, வெளிச்சத்தில் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளைப் பொட்டு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இல்லையென்றால் நடுவில் முறிந்தது. முறிவதைக் கண்டிஷனரும் மாஸ்க்கும் குறைக்கும். வேரோடு உதிர்வதில் அவற்றுக்கு அதிகார வரம்பு கிடையாது. நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். பிரசவத்துக்கோ டெங்கு மாதிரியான கடும் காய்ச்சலுக்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாகக் கொட்டுவதும் உண்டு; பெரும்பாலும் தானாகவே திரும்பி முளைக்கும். ரத்தசோகையா, தைராய்டா என்பதை டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை சொல்லும். அதற்கு ஆகும் செலவு, நல்ல மாஸ்க் டப்பா ஒன்றின் விலைதான்.

பார்லரில் 'ஹேர் ஸ்பா' என்று ஒன்று உண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும், உலகத்தில் எந்த முடியாக இருந்தாலும், "மேடம், ஹேர் ரொம்ப ட்ரையா இருக்கே, என்ன வாட்டர் யூஸ் பண்றீங்க?" என்ற வசனம் வரும். அதற்குப் பின் நடப்பது அதே இட்லி மாவு, கூடவே நீராவி, தோள்பட்டைக்குக் கொஞ்சம் பிடித்துவிடுதல், கடைசியில் டிரையர். வெளியே வரும்போது இருக்கும் பளபளப்பில் பாதி, டிரையரும் பிரஷ்ஷும் போட்டுத் தந்தது. அந்தத் தோள் பிடித்துவிடலுக்காகவே போகிறேன் என்பவர்கள் தெளிவானவர்கள், தாராளமாகப் போகலாம். முடியைச் சில மாதங்களுக்கு நேராக்கும் கெரட்டின் ட்ரீட்மென்ட் வேறு வகை. அவற்றில் பல, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியைக் கிளப்பும். கண் எரிந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்லாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள்.

ஆண்களுக்கு: மாதாமாதம் வெட்டும் முடி, கெட்டுப்போவதற்குள் தரையில் விழுந்துவிடுகிறது. மனைவியின் கண்டிஷனரில் ஒரு பொட்டு திருடினால் போதும், அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டும் இருக்கிறீர்கள்.

வாங்கியே தீருவது என்று முடிவாகிவிட்டால் முதலில் பாக்கெட். ஷாம்பூவைப் பாக்கெட்டில் போட்டு விற்கலாம் என்று காட்டிய சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்குவது நம் ஊர்ப் பெருமை. ஒரு பாக்கெட் கண்டிஷனர் போட்டுப் பார்த்து, காய்ந்தபின்னும் நுனி வைக்கோலாகவே இருந்தால் மட்டும் டப்பா பக்கம் போகலாம். டப்பா வந்தபின் ஈரக்கையை அதற்குள் விடக் கூடாது; குளியலறைத் தண்ணீர் உள்ளே போனால் கிருமி குடியேறும். பழைய பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றைக் கூடவே வையுங்கள், பாயசம் சாப்பிட்டது இருக்கும்.

கடைசியாக, இத்தனைக்குப் பிறகும் முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு. கண்டிஷனர் பாட்டில் தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இரண்டு குளியல் ஓட்டலாம். அதற்கப்புறம் அது குப்பைக்குத்தான். மாஸ்க் டப்பாவின் வாய் அகலம், மூடி திருகு மூடி. கழுவிக் காயவைத்தால் ஊக்கு, ஹேர்பின், ரவிக்கைக் கொக்கி, உதிரிப் பொத்தான் எல்லாம் பிடிக்கும். மூடியில் தங்க நிறம் வேறு.